பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுப் பழுதுநீக்கும் தொழிலாளர்கள்

பிளம்பர், எலக்ட்ரீசியன், தச்சர், பெயிண்டர், ஏ.சி. மெக்கானிக், குடிநீர் சுத்திகரிப்புக் கருவி பழுதுபார்ப்பவர் முதலானோர் பிறர் வீட்டுக்குள் சென்று வேலை செய்து பிழைப்பவர்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளமோ ஊதியத்துடன் கூடிய விடுப்போ கிடையாது. அழைப்பு வந்தால் வேலை, வேலை முடிந்தால் கூலி என்பதே இவர்களின் தொழில்முறை. 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கோவிட்-19 பெருந்தொற்று பரவியபோது, வேலைக்குப் போனால் நோய் அச்சம், போகாவிட்டால் அடுப்பு எரியாது என்ற நிலை இவர்களுக்கு ஏற்பட்டது. அக்காலத்தில் இவர்கள் எப்படிச் சமாளித்தார்கள், வேலை முறையில் என்ன மாற்றங்கள் வந்தன, அவற்றுள் எவை இன்றும் பயன்படும் என்பவற்றை இக்கட்டுரை தமிழ்நாட்டை முதன்மையாகக் கொண்டு விளக்குகிறது.

ஊரடங்கும் அனுமதியும்

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என அறிவித்தது. தமிழ்நாட்டில் மார்ச் 24 மாலை 6 மணி முதல் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. மறுநாள் முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு தொடங்கியது. பின்னர் அது பலமுறை நீட்டிக்கப்பட்டது.

மருத்துவமனை, பால், மளிகை, மருந்து ஆகியவை தொடக்கத்திலேயே இன்றியமையாச் சேவைகளாக அறிவிக்கப்பட்டன. வீட்டில் மின்சாரம் தடைப்பட்டால் சரிசெய்பவருக்கும், கழிவறைக் குழாய் அடைத்துக்கொண்டால் வருபவருக்கும் அப்போது அந்தத் தகுதி கிடைக்கவில்லை. எலக்ட்ரீசியன், பிளம்பர், தச்சர், மோட்டார் மெக்கானிக் போன்ற சுயதொழில் செய்வோர் ஏப்ரல் 20 முதல் வேலை செய்யலாம் என மத்திய உள்துறை அமைச்சகம் ஏப்ரல் 15 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறப்பட்டது. ஆனால் தமிழ்நாடு அரசு மே 3 வரை தளர்வு இல்லை என முடிவு செய்தது. ஆகவே இங்கு மே மாதத் தொடக்கத்தில்தான், அதுவும் உரிய அனுமதி பெற்ற பிறகே, இவர்கள் வேலைக்குச் செல்ல முடிந்தது.

அனுமதி கிடைத்த பிறகும் தடைகள் இருந்தன. நோயாளிகள் மிகுந்த தெருக்கள் கட்டுப்பாட்டுப் பகுதிகளாக அடைக்கப்பட்டன. அத்தெருவில் குடியிருக்கும் தொழிலாளி வெளியே வர முடியாது. வெளியே இருப்பவர் உள்ளே போகவும் முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் வெளியாட்களை உள்ளே விடுவதில்லை என்று குடியிருப்போர் சங்கங்கள் தீர்மானித்தன. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் தேவைப்பட்டது; இது 2020 செப்டம்பர் 1 முதல்தான் நீக்கப்பட்டது. சென்னையிலும் அதை ஒட்டிய மாவட்டப் பகுதிகளிலும் 2020 ஜூன் 19 முதல் 30 வரை மீண்டும் முழு ஊரடங்கு வந்தது.

இரண்டாம் அலையில் 2021 மே 10 அன்று முழு ஊரடங்கு தொடங்கி, மே 24 முதல் மேலும் கடுமையாக்கப்பட்டது. ஜூன் 7 முதல், தொற்று அதிகமாக இருந்த 11 மாவட்டங்கள் நீங்கலாகப் பிற மாவட்டங்களில், எலக்ட்ரீசியன், பிளம்பர் போன்றோர் இ-பதிவு செய்துகொண்டு பணிபுரிய அனுமதிக்கப்பட்டனர். கைப்பேசியில் படிவம் நிரப்பத் தெரியாத மூத்த தொழிலாளர்கள் இதற்குப் பிள்ளைகளின் உதவியை நாட வேண்டியிருந்தது.

வருமானம் உடனே நின்றதன் காரணங்கள்

முதல் காரணம், பருவம். ஏ.சி. மெக்கானிக்குகளுக்கு மார்ச் முதல் மே வரையிலான கோடைக்காலமே அறுவடைக் காலம். மழைக்காலத்தில் வேலை குறையும்போது கோடையில் சேர்த்ததை வைத்தே குடும்பம் நடக்கும். 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஊரடங்கு கோடையிலேயே வந்தது. வெள்ளையடிப்பவர்களின் நிலையும் இதைப் போன்றதே. திருமணம், கிரகப்பிரவேசம், கோவில் திருவிழா ஆகியவற்றை ஒட்டியே அவர்களுக்கு வேலை வரும். அவை தள்ளிப்போனபோது வெள்ளையடிப்பதும் தள்ளிப்போனது.

இரண்டாவது காரணம், கடைகள் மூடியிருந்தது. ஒரு வாஷரோ, கெப்பாசிட்டரோ, அரை அங்குலக் குழாய் இணைப்போ கிடைக்காவிட்டால் வேலை தெரிந்தவரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத்தான் வேண்டும். ஹார்டுவேர் கடையும் மின்பொருள் கடையும் திறந்த பிறகே இவர்களின் அனுமதிக்குப் பொருள் உண்டாயிற்று.

மூன்றாவது காரணம், வீட்டாரின் அச்சம். முதியவர்கள் இருக்கும் வீடுகளில் சொட்டும் குழாயின் அடியில் வாளியை வைத்துவிட்டு நாள் கடத்தினார்கள். உயிர் போகும் அவசரம் இல்லாத வேலைகள் எல்லாம் ஒத்திவைக்கப்பட்டன.

பூட்டிய கட்டடங்களும் புதிய பழுதுகளும்

தளர்வு வந்ததும் ஒத்திப்போட்ட வேலைகளுடன், பூட்டிக் கிடந்ததாலேயே உண்டான பழுதுகளும் சேர்ந்து வந்தன. பயன்படுத்தாத இன்வெர்ட்டர் மின்கலங்களும் வண்டி மின்கலங்களும் வலுவிழந்தன. தண்ணீர் மோட்டார்கள் துருப்பிடித்து இறுகின.

இவற்றுள் மாணவர்கள் அறிய வேண்டிய ஒன்று கழிவுநீர்க் குழாயின் நீரடைப்பு. கை கழுவும் தொட்டியின் அடியிலும் குளியலறைத் தரைவடிகாலிலும் வளைந்த பகுதி ஒன்று இருக்கும். அதில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நிற்கும். சாக்கடைக் காற்று வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்த நீர்தான். வீடு பல வாரங்கள் பூட்டிக் கிடந்தால் அந்த நீர் ஆவியாகிவிடும். துர்நாற்றமும் பூச்சிகளும் உள்ளே வரும்.

இது வெறும் நாற்றச் சிக்கல் அன்று. 2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் நோய் பரவியது. உலர்ந்துபோன தரைவடிகால்கள் வழியே கழிவுநீர்க் குழாயிலிருந்து கிருமி கலந்த நுண்துளிகள் வீடுகளுக்குள் வந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணமாக ஆய்வில் கருதப்பட்டது. வாரம் ஒருமுறை ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு குவளை நீர் ஊற்றினால் இதைத் தவிர்க்கலாம். நோய்த்தடுப்பில் பிளம்பருக்கு உள்ள பங்கை இந்நிகழ்வு காட்டுகிறது.

நோய் பரவும் விதமும் வேலை முறையும்

தொடக்கத்தில் கிருமி பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டியிருந்து பரவுகிறது என்ற அச்சமே மேலோங்கி இருந்தது. கருவிப்பெட்டி, கதவுக் கைப்பிடி, ரூபாய் நோட்டு எல்லாவற்றையும் துடைத்தார்கள். காலப்போக்கில், மூச்சுக்காற்று வழியாகப் பரவுவதே முதன்மையானது என்பது தெளிவானது. மேற்பரப்பு வழியாகப் பரவும் வாய்ப்பு குறைவு என அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் கூறியது.

இந்த அறிவு வேலை முறையை மாற்றியது. வேலை நடக்கும் அறையின் சன்னல்களைத் திறந்து வைப்பது, வீட்டார் வேறு அறையில் இருப்பது, இருவரும் மூக்கும் வாயும் மூட முகக்கவசம் அணிவது, வேலை நேரத்தைக் குறைப்பது ஆகியவை பயனுள்ள வழிகள் ஆயின. உதவியாளரையும் வண்டியில் ஏற்றிச் சென்றவர்கள், தனியாகச் செய்ய முடிந்த வேலைகளுக்குத் தனியாகவே போகத் தொடங்கினர். இதனால் கையாள்களாக இருந்த இளைஞர்கள் வருமானத்தோடு தொழில் கற்கும் வாய்ப்பையும் இழந்தனர்.

ஏ.சி. அறைகளில் காற்றோட்டம் குறைவு. எனவே மத்தியப் பொதுப்பணித் துறை 2020 ஏப்ரலில் வெளியிட்ட அறிவுரையில், அறை வெப்பநிலையை 24 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரையிலும் ஈரப்பதத்தை 40 முதல் 70 விழுக்காடு வரையிலும் வைத்துக்கொள்ளச் சொன்னது. வெளிக்காற்று உள்ளே வரச் செய்யவும் வலியுறுத்தியது. வாடிக்கையாளருக்கு இதை எடுத்துச் சொல்லும் பொறுப்பு மெக்கானிக்குகளுக்கு வந்தது.

கிருமிநாசினியால் வந்த ஆபத்துகள்

கை சுத்திகரிப்பான்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும். அது எளிதில் தீப்பற்றும். அதைத் தடவிய ஈரக்கையுடன் வெல்டிங் செய்வதும், எரிவாயு அடுப்பைப் பழுதுபார்ப்பதும், தீப்பொறி வரக்கூடிய சுவிட்சைத் தொடுவதும் ஆபத்தானவை. கை முழுவதும் உலரும் வரை பொறுத்திருக்க வேண்டும். சோப்பு போட்டு 20 வினாடி கழுவுவது இத்தொழிலாளர்களுக்கு அதைவிடப் பொருத்தமானது. கிரீசும் எண்ணெயும் படிந்த கையில் சுத்திகரிப்பான் சரியாக வேலை செய்யாது.

ப்ளீச்சிங் கரைசலைச் சிலர் சுவிட்ச் பலகையின் மீதும் தெளித்தார்கள். இது மின்னதிர்ச்சிக்கும் துருவுக்கும் வழி செய்யும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மேற்பரப்பை மட்டும் துடைத்து உலரவிடுவதே முறை. கழிவறை கழுவும் அமிலத்துடன் ப்ளீச்சிங் பவுடரையோ கரைசலையோ சேர்த்தால் குளோரின் என்னும் நச்சுவாயு வெளிவரும். சன்னல் இல்லாத குளியலறையில் இது உயிருக்கே கேடு. அடைப்பு எடுக்க வரும் பிளம்பரிடம் வீட்டார் முன்பே என்ன ஊற்றினார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

தொலைபேசி வழிப் பழுது அறிதல்

அனுபவம் மிக்க தொழிலாளர்கள் நேரில் போவதற்கு முன் வாட்ஸ்ஆப் வழியே படமும் காணொளியும் கேட்டு வாங்கத் தொடங்கினர். இதனால் பழுது என்ன என்பதை ஓரளவு கணித்து, தேவையான பொருளை வழியிலேயே வாங்கிச் சென்று, ஒரே பயணத்தில் வேலையை முடிக்க முடிந்தது. சில பழுதுகளுக்குப் போகவே தேவைப்படவில்லை. எடுத்துக்காட்டாக, மின்கசிவுத் தடுப்பான் அடிக்கடி விழுந்தால், எல்லாச் செருகிகளையும் பிடுங்கிவிட்டு அதை மேலே தூக்கி, பின்னர் ஒவ்வொரு கருவியாகச் செருகிப் பார்க்கச் சொல்வார்கள். எந்தக் கருவியைச் செருகும்போது விழுகிறதோ அதில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். எதையும் செருகாதபோதே விழுந்தால் அது ஆள் வந்து பார்க்க வேண்டிய வேலை.

இதற்கு எல்லை உண்டு. மின்பலகையின் மூடியைத் திறப்பது, எரிவாயுக் குழாயைத் தொடுவது, ஏணியில் ஏறுவது ஆகியவற்றைத் தொலைபேசி வழியே சொல்லிக்கொடுக்கக் கூடாது.

இந்த உதவிக்குக் கூலி கேட்பதா என்பது பெரும் சங்கடமாக இருந்தது. பத்து நிமிடம் தொலைபேசியில் வழிகாட்டிப் பழுதை நீக்கினாலும், ஆள் வரவில்லையே என்று பலர் பணம் தரவில்லை. இத்தொழிலில் விலை பெறுவது கையின் உழைப்பு மட்டுமன்று, பல ஆண்டுப் பட்டறிவும்தான் என்பதைச் சமூகம் இன்னும் முழுமையாக ஏற்கவில்லை.

கூலியும் பொருள் விலையும்

ரொக்கம் தொடுவதற்கு அஞ்சிய காலத்தில் யு.பி.ஐ. முறைப் பணப் பரிமாற்றம் வேகமாகப் பரவியது. நாடு முழுவதும் 2020 அக்டோபரில் அது ஒரு மாதத்தில் 200 கோடிப் பரிமாற்றங்களைத் தாண்டியது. வங்கியில் வரவு பதிவாவது கடன் கேட்கும்போது சான்றாகப் பயன்பட்டது. ஆனால் பழைய கடன் தவணை இருந்த கணக்கில் பணம் விழுந்ததும் வங்கி பிடித்துக்கொள்ளும் சிக்கலும் இருந்தது.

பொருள் விலையும் ஏறியது. உலகச் சந்தையில் தாமிரத்தின் விலை 2021 மே மாதத்தில் டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. மின்கம்பிச் சுருளின் விலையும் அதனுடன் உயர்ந்தது. மொத்தத் தொகை பேசி வேலை எடுத்தவர்கள் நட்டப்பட்டனர். எனவே பொருளை வீட்டாரே வாங்கித் தருவது, கூலியை மட்டும் தனியாகப் பேசுவது என்ற முறைக்குப் பலர் மாறினர்.

அரசு உதவியும் பதிவும்

2020 மார்ச்சில் தமிழ்நாடு அரசு அரிசி பெறும் குடும்ப அட்டைகளுக்கு 1,000 ரூபாய் வழங்குவதாக அறிவித்தது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தோருக்குத் தனியாகவும் 1,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. 2021 மே, ஜூன் மாதங்களில் குடும்ப அட்டைக்கு இரு தவணையாக 4,000 ரூபாய் வழங்கப்பட்டது. வங்கிக் கடன் தவணைகளை 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி வழி செய்தது. எனினும் அக்காலத்துக்கும் வட்டி கணக்கிடப்பட்டது.

எலக்ட்ரீசியன், பிளம்பர், தச்சர், பெயிண்டர் ஆகியோர் கட்டுமான நல வாரியத்தில் சேரத் தகுதி உடையவர்கள். ஆனால் பழுதுவேலை மட்டும் செய்யும் பலர் தங்களைக் கட்டுமானத் தொழிலாளர்களாக எண்ணியதில்லை; பதிவு செய்யவும் இல்லை. பதிவு இல்லாதவருக்கு வாரிய உதவி இல்லை. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் இணையதளம் 2021 ஆகஸ்ட் 26 அன்றுதான் தொடங்கப்பட்டது. 16 முதல் 59 வயது வரை உள்ளவர்கள் அதில் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம்.

காய்ச்சலும் ஒருநாள் கூலியும்

இந்தக் காலம் காட்டிய மிகப் பெரிய குறை, நோயுற்ற நாளுக்கு ஊதியம் இல்லாமை. அலுவலகத்தில் வேலை செய்பவர் காய்ச்சல் வந்தால் விடுப்பு எடுக்கலாம். தினக்கூலி பெறும் தொழிலாளி அவ்வாறு செய்தால் அன்று வருமானம் இல்லை. பரிசோதனையில் தொற்று உறுதியானால் இரண்டு வாரம் வருமானம் இல்லை. செய்தி பரவினால் அதன் பிறகும் வாடிக்கையாளர் அழைக்க மாட்டார். ஆகவே இலேசான காய்ச்சலை மாத்திரை போட்டு அடக்கிக்கொண்டு வேலைக்குப் போகும் நெருக்கடி உருவானது. இதைத் தனிமனிதரின் பொறுப்பின்மை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. உண்மையைச் சொன்னால் பட்டினி என்ற நிலையில் உண்மையை எதிர்பார்ப்பது கடினம்.

மறுபக்கமும் இருந்தது. வீட்டில் நோயாளி இருப்பதை மறைத்து, குழாய் பழுது என்று மட்டும் சொல்லி ஆளை வரவழைத்த வீடுகள் உண்டு. வந்தவர் நோயைத் தம் வீட்டுக்குக் கொண்டுசென்றால் அதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. கேள்விகள் பெரும்பாலும் தொழிலாளியிடமே கேட்கப்பட்டன. அவர் திருப்பிக் கேட்கும் உரிமை ஏற்கப்படவில்லை.

வீட்டார் செய்யத்தக்கவை

மீண்டும் ஒரு தொற்றுக்காலம் வந்தாலும், சாதாரணக் காய்ச்சல் பரவும் காலத்திலும், பின்வருவன உதவும்.

1. வீட்டில் யாருக்கேனும் காய்ச்சல் இருந்தால் அழைக்கும்போதே சொல்ல வேண்டும்.
2. வருபவருக்கு உடல்நலம் இல்லை என்றால், வேறு நாளில் அவரையே அழைப்பதாக உறுதி கூற வேண்டும். வேலை கைவிட்டுப் போகாது என்ற நம்பிக்கை இருந்தால் உண்மை வெளிவரும்.
3. வேலை நடக்கும் இடத்தை முன்பே ஒழித்து, சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும்.
4. கை கழுவச் சோப்பும் தண்ணீரும் தர வேண்டும்.
5. தொலைபேசி வழி ஆலோசனைக்கும் உரிய தொகை தர வேண்டும்.
6. தெரிந்த தொழிலாளி நல வாரியத்திலும் இ-ஷ்ரம் தளத்திலும் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டு, படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் உதவலாம். கைப்பேசி கையாளத் தெரிந்த மாணவர்கள் இதை எளிதாகச் செய்ய முடியும்.

பெருந்தொற்று முடிந்ததும் முகக்கவசமும் இ-பதிவும் மறைந்துவிட்டன. படம் அனுப்பிப் பழுது சொல்லும் வழக்கமும் கைப்பேசியில் கூலி பெறும் வழக்கமும் நிலைத்துவிட்டன. நோயுற்ற நாளுக்கு ஊதியம் என்ற தேவை மட்டும் அப்படியே நிற்கிறது.