காலைத் தலையிடிக்குக் கொத்தமல்லித் தண்ணீர் போதும், கை நடுக்கத்துக்குப் போதாது

கண்டிச் சந்தைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு நாட்டு மருந்துக்கடையில் கடந்த மாதம் அரை மணி நேரம் நின்றேன். கையில் பெரியம்மா தந்த சீட்டு இருந்தது: கொத்தமல்லி, சுக்கு, ரணவரா, பெலிமல். ரணவரா என்பது நாம் சொல்லும் ஆவாரம்பூ, பெலிமல் வில்வம்பூ. நான் நின்ற நேரத்தில் வேறு இரண்டு பெண்களும் ஏறக்குறைய இதே சரக்குகளைக் கேட்டு வாங்கினார்கள். ஒருவர் மகனுக்கு, மற்றவர் கணவனுக்கு. குடித்தவர் எவரும் கடைக்கு வரவில்லை.

பெரியம்மா கலஹாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறார். 1977 கலவரத்துக்குப் பிறகு அம்மம்மா மற்றப் பிள்ளைகளோடு வன்னிக்கு வந்துவிட்டார். அப்போது கலியாணம் முடித்திருந்த பெரியம்மா மட்டும் லயத்திலேயே தங்கிவிட்டார். சீட்டு அவரது மகனுக்காக. "சம்பளம் போட்டா மூணு நாளைக்கு இவனால எந்திரிக்க முடியாது புள்ள. கசாயம் வச்சுக் குடுத்தாத்தான் வேலைக்குப் போவான்" என்றார்.

இந்தக் கசாயங்கள் உண்மையில் என்ன செய்கின்றன? வன்னியிலும் மலையகத்திலும் பல வீடுகளில் இந்தக் கேள்வி இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உடம்புக்குள் நடப்பது

மதுவை உடைத்து வெளியேற்றுவது பெரும்பாலும் ஈரல்தான். அது மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் மதுசாரத்தை உடைக்கும். 180 மில்லிலீற்றர் கொண்ட ஒரு கால் போத்தல் சாராயத்தில் ஏறக்குறைய 48 கிராம் மதுசாரம் இருக்கிறது. அது வெளியேற ஐந்து முதல் ஏழு மணி நேரம் வேண்டும். கோப்பி குடித்தாலும், தேசிக்காய்ச் சாறு குடித்தாலும், தலையில் தண்ணீர் ஊற்றினாலும் இந்த வேகம் மாறாது. கோப்பி குடித்தவரின் நித்திரை கலையும், வெறி குறையாது.

மது உடம்பின் நீரைச் சிறுநீராக வெளியேற்றும், இரைப்பையை அரிக்கும், நித்திரையைக் குலைக்கும். உடையும்போது அசெற்றல்டிஹைட் என்ற நச்சுப் பொருளாகவும் மாறும். காலைத் தலையிடி, வாய் வறட்சி, குமட்டல் எல்லாம் இவை சேர்ந்து தருபவை.

அடுப்படியில் உதவுபவை

கொத்தமல்லித் தண்ணீர், செவ்விளநீர், உப்புப் போட்ட கஞ்சி, மோர், கண்டிக் கடைகளில் காலையில் விற்கும் கோலகெந்த எனும் இலைக்கஞ்சி ஆகியவை இழந்த நீரையும் உப்பையும் திருப்பித் தருகின்றன, வெறும் வயிற்றுக்கு உணவாகின்றன. இஞ்சி குமட்டலைத் தணிக்கும். நம் அம்மம்மாமார் தந்தது வீணான வைத்தியம் அல்ல. ஆனால் அது ஆறுதல் மட்டுமே. அது மதுவை முறிப்பதில்லை.

உலகத்து ஆய்வுகளும் இதற்கு மேல் போகவில்லை. எந்த மருந்தும் மூலிகையும் மறுநாள் வருத்தத்தைத் தடுக்கும் அல்லது தீர்க்கும் என்பதற்கு நம்பகமான சான்று இல்லை என்று 2005இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்த மீளாய்வு சொன்னது. 2022இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 21 பரிசோதனைகளை ஆராய்ந்தார்கள். சற்றுப் பலன் தெரிந்தவற்றில் கராம்புச் சாறும் ஒன்று. கண்டி, மாத்தளைத் தோட்டங்களில் விளையும் அதே கராம்புதான். ஆனால் அந்தச் சான்றுகளின் தரம் மிகவும் தாழ்ந்தது என்றும் அவர்களே எழுதினார்கள்.

ஒரு பூவுக்கு இரண்டு பதில்

பெரியம்மாவின் சீட்டில் இருந்த ரணவராவை எடுத்துக்கொள்வோம். 2002இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மதுவால் ஈரல் பாதிக்கப்பட்ட எலிகளுக்கு ஆவாரை இலைச் சாறு நன்மை தந்ததாக எழுதினார்கள். ஆனால் 1981இல், கண்டிக்குப் பக்கத்திலேயே, பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இலங்கை வைத்தியத்தில் பயன்படும் 50 மூலிகைகளைச் சோதித்திருந்தார்கள். ஈரலைக் கெடுக்கக்கூடிய ஒருவகை இரசாயனம் மூன்றில் இருந்ததாகக் கண்டார்கள். கிலுகிலுப்பை இனத்துச் செடி ஒன்று, குடசப்பாலை, மூன்றாவது ஆவாரை.

எப்போதாவது ஒரு கோப்பை ஆவாரம்பூத் தேநீர் குடித்தவர்கள் பயப்பட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் ஏற்கனவே களைத்துப்போன ஈரலுக்கு, "ஈரலைச் சுத்தமாக்கும்" என்ற நம்பிக்கையில் எந்தக் கசாயத்தையும் நாள்தோறும் காய்ச்சிக் கொடுப்பது பாதுகாப்பானது அல்ல.

வேறு சிலவற்றை முற்றாகத் தவிர்க்க வேண்டும். வெறி தெளிய என்று காமரங்காய், பிலிங்காய்ச் சாறு நிறையக் குடிக்கக் கூடாது. அவற்றில் உள்ள ஒக்சலேட் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். காமரங்காயால் அப்படிப் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இலங்கை வைத்தியர்களே மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். நாள்தோறும் குடிப்பவர் பனடோலை அளவுக்கு மேல் போட்டால் ஈரலுக்கு ஆபத்து. மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள்.

"குடியை மறக்கடிக்கும் பொடி" என்று விளம்பரம் செய்து விற்பதைக் கறியில் கலந்து கொடுக்காதீர்கள். அதில் டைசல்பிராம் போன்ற மருந்து இருந்து, அவர் அது தெரியாமல் குடித்தால், இரத்த அழுத்தம் விழுந்து உயிர்கூடப் போகலாம்.

கசிப்புக் குடித்தவருக்குக் கண் மங்கினாலோ மூச்சு வாங்கினாலோ கசாயம் வைத்து நேரத்தைக் கடத்த வேண்டாம். அது மெதனோல் நஞ்சாக இருக்கலாம். 2024 யூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்ற நஞ்சு அதுதான்.

அப்பாவின் இரண்டாம் இரவு

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றை நான் எங்கள் வீட்டில்தான் கற்றேன்.

2009 மே வரை அப்பா குடித்து நான் கண்டதில்லை. செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பி, தறப்பாள் கொட்டிலில் இருந்தபோது தொடங்கினார். தம்பியைத் தேடி அலைந்த வருடங்கள் அவை. குடித்தால்தான் நித்திரை வருகிறது என்பார். காலையில் அம்மா கொத்தமல்லித் தண்ணீர் கொடுப்பார். 2013இல் வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன்பு, அம்மனை நினைத்து அப்பா ஒரே நாளில் குடியை நிறுத்தினார். நாங்கள் எல்லோரும் சந்தோசப்பட்டோம்.

மறுநாள் கை நடுங்கியது. இரண்டாம் நாள் இரவு வியர்த்துக் கொட்டியது. "வாசலில ஆமி நிக்குது, லைற்றை நூருங்கோ" என்றார். வாசலில் யாரும் இல்லை. பழைய பயம் திரும்பிவிட்டது என்று நினைத்தோம். அம்மா திருநீறு பூசினார், கொத்தமல்லித் தண்ணீர் பருக்கினார். விடியுமுன் அப்பாவுக்கு வலிப்பு வந்தது.

அது பயமும் அல்ல, பேயும் அல்ல என்று வைத்தியசாலையில்தான் விளங்கியது. நாள்தோறும் மது மூளையை அமர்த்தி வைக்கும்போது, மூளை அதற்கு எதிராகத் தன்னை முடுக்கிக்கொள்கிறது. மது திடீரென்று நின்றால் அந்த முடுக்கம் மட்டும் எஞ்சும். முதல் நாளிலேயே நடுக்கமும் வியர்வையும் வரும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சித்தம் தடுமாறலாம். கவனிக்காவிட்டால் சாவும் வரலாம். வைத்தியசாலையில் இதற்கு மருந்து உண்டு, விற்றமின் பி1 ஊசியும் போடுவார்கள். போர் கண்ட வீடுகளில் இதை அடையாளம் காண்பது கடினம். ஏனென்றால் சித்தம் தடுமாறுபவர் காண்பது நாம் உண்மையிலேயே கண்டவற்றைத்தான்.

ஆகவே வித்தியாசம் இதுதான். எப்போதாவது குடித்தவரின் காலைத் தலையிடி அன்றே தீர்ந்துவிடும், கஞ்சியும் தண்ணீரும் போதும். நாள்தோறும் குடிப்பவரின் கை காலையில் நடுங்கி, ஒரு வாய் குடித்ததும் நின்றால், அது வெறி முறிகிற வருத்தம் அல்ல. அவர் வீட்டில் தானாக நிறுத்தக் கூடாது. வைத்தியரின் துணையோடு நிறுத்த வேண்டும்.

சரக்குகளோடு தோட்டத்துக்குப் போனபோது பெரியம்மாவிடம் இதைத்தான் கேட்டேன். "அண்ணனுக்குக் காலையில கை நடுங்குமா பெரியம்மா?"

சற்று நேரம் பேசாமல் இருந்தார். "ஒரு வாய் குடிச்சாத்தான் கை நிக்கும்னு சொல்லுவான்" என்றார்.

கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. சிகிச்சை இலவசம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. வலிப்போ மயக்கமோ வந்தால் 1990 இலவச அம்புலன்ஸ். இந்த மூன்று தகவல்களையும் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.

வரும் செவ்வாய்க்கிழமை அண்ணன் கிளினிக்குக்கு வரச் சம்மதித்திருக்கிறார். அதுவரை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம் என்று நான் சொன்னது பெரியம்மாவுக்கு விசித்திரமாக இருந்தது. கொத்தமல்லியும் சுக்கும் அடுப்படியில்தான் இருக்கின்றன. ரணவராவைக் கட்டியபடியே எடுத்து வைத்துவிட்டார்.