வெள்ளத்தில் நனைந்த வாத்தியங்கள்

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் மட்டும் ஒரு நாளில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரும் சேர்ந்து அடையாறு கரை புரண்டது. சென்னையில் மார்கழி இசைவிழாக்கள் தொடங்க இரண்டு வாரமே இருந்த சமயம். நீர் வடிந்த வீடுகளைத் துப்புரவு செய்யப் புகும் தொண்டர்களை எவ்வளவு போற்றினும் தகும். ஆயினும் நனைந்த பாயோடும் மெத்தையோடும் வீணையும் மிருதங்கமும் குப்பைக்குப் போய்விடாதபடி அவர்கள் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

வெள்ளநீர் சாக்கடை கலந்தது. ஆதலின் சேறு காயுமுன் நல்ல நீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுதல் முதற்காரியம். அடுத்து எவருக்கும் வெயிலில் வைக்கத் தோன்றும். அது கூடவே கூடாது. வெளிப்புறம் சடுதியிற் காய்ந்து உட்புறம் ஈரம் தங்கினால் மரம் பிளந்துவிடும். நிழலும் காற்றோட்டமுமே மருந்து. வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். வீணையின் தந்திகளை உடனே தளர்த்திவிடவேண்டும். மேளம் கட்டிய மெழுகு குலைந்திருப்பின் வினைஞர் மீண்டும் கட்டித் தருவார்.

மிருதங்கத்தின் தோல் ஊறினால் போயிற்று; வலந்தலையின் கரணையும் தப்பாது. கட்டை அப்படியன்று. வார்களை அவிழ்த்து, இரு மூட்டுகளையும் கழற்றி, உள்ளே காற்றுப் புகவிட்டால் பலாக்கட்டை பிழைத்துவிடும். பழகிய கட்டையின் அருமையை அதை வாசித்தவரே அறிவர். பிடிலின் பலகைகள் தனித்தனியே கழன்று கிடப்பது கண்டு மனமொடிய வேண்டா. தோற்பசை நீரில் இளகிற்று, அவ்வளவே. ஒரு துண்டும் விடாமற் பொறுக்கி வைத்தால் மீண்டும் ஒட்டலாம். 1940இல் அகில இந்திய வானொலி விலக்கிவைத்து, நெடுங்காலம் கழித்து மறுபடி ஏற்றுக்கொண்ட ஆர்மோனியத்திற்கோ துருத்திதான் போகும். பித்தளை நாக்குகள் மிஞ்சும். மின்சாரச் சுருதிப்பெட்டியையும் ஒலிபெருக்கியையும், “வேலை செய்கிறதா பார்ப்போம்” என்று விசையைத் தட்டிப் பார்ப்பவர் அவற்றைத் தம் கையாலேயே கொன்றவராவர். பேட்டரியைக் கழற்றி, முற்றும் உலர்ந்த பின் பழுது பார்ப்போரிடம் ஒப்புவித்தல் வேண்டும்.

நிற்க. 2015இல் சர்க்கார் குடிசை இழந்தோருக்கு 10,000 ரூபாயும், மாண்ட ஆடுமாடுகளுக்கும் அழிந்த பயிருக்கும் தனித்தனியே ஈடும் அறிவித்தனர். முறைதான். உழவருக்கு மாடு எத்தகையதோ நாகசுரக்காரருக்கு நாகசுரம் அத்தகையதன்றோ? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்து, தாமிரவருணியும் பெருக்கெடுத்தது. வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் செழித்த பூமி அது. பெரிய சபா வித்வானுக்கு நனைந்தது போக வேறொரு தம்பூரா கிடைக்கும். கோயிற்கொடையை நம்பி வாழும் மேளக்காரர் தவில் இன்றி அடுத்த கொடைக்கு எப்படிப் போவார்?

சேதக் கணக்கெடுக்க வரும் அதிகாரியின் படிவத்தில் வாத்தியமும் தொழிற்கருவியென ஒரு வரி பெறல் வேண்டும். அதிகாரி வரும்போது உடனிருந்து இதை வற்புறுத்துவது அவ்வூர்த் தொண்டர்களின் கடமையென்போம். மூட்டுப் பிடிக்கும் தொழிலாளியின் பட்டறையும், அங்கு பதனிட்டு வைத்த தோலும் அதே தெருவில் நனைந்து கிடக்கக்கூடும். அவர் பெயரையும் விடாமல் எழுதச் செய்க.