வலையும் வேண்டாம், படகும் வேண்டாம்... வெறும் கையால் இறால் பிடிக்கும் இருளர்கள்: ஆறு கெட்டால் என்ன ஆகும்?

திருவள்ளூர் மாவட்டம் என்றதும் கும்மிடிப்பூண்டி சிப்காட், அத்திப்பட்டு அனல்மின் நிலையம், காட்டுப்பள்ளி துறைமுகம் எல்லாம் நினைவுக்கு வரும். இதே மாவட்டத்தில்தான், கழுத்தளவு தண்ணீரில் இறங்கி வெறும் கையால் இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்களும் இருக்கின்றன.

யார் இந்த இருளர்கள்?

தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த நிலையில் உள்ளதாக அரசு பட்டியலிட்டுள்ள 6 பழங்குடிகளில் ஒன்று இருளர். பாம்பு, எலி பிடிப்பது, மூலிகை சேகரிப்பது, காவல் வேலை ஆகியவை இவர்களின் பழைய தொழில்கள்.

தொழில் ஏன் மாறியது?

1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாம்புத் தோல் வியாபாரம் முடிவுக்கு வந்தது. 1978-ல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் உருவானது. விஷமுறிவு மருந்துக்கான விஷம் அங்கிருந்து போகிறது. ஆனா அதில் சில நூறு பேருக்குத்தான் இடம். மற்றவங்க செங்கல் சூளை, அரிசி ஆலைக்குப் போனாங்க. அங்கே முன்பணம் வாங்கி கொத்தடிமையாகச் சிக்கியவர்களும் உண்டு.

கையால் எப்படிப் பிடிக்கிறாங்க?

எண்ணூர் பக்கம் கொசஸ்தலை ஆற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் பெண்களும் இறங்குகிறார்கள். அடிச்சேற்றைக் கையால் தடவி, இறால் தட்டுப்பட்டதும் அமுக்கிப் பிடிக்கணும். ஓலையில் பின்னிய கூடையைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். அப்போதுதான் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். யாரிடமும் முன்பணம் வாங்கத் தேவையில்லாத தொழில் இது.

இப்போ என்ன சிக்கல்?

அனல்மின் நிலையத்தின் சாம்பல் கழிவு பல ஆண்டுகளாக ஆற்றில் கலந்து அடியில் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து எண்ணெய் கழிவும் வந்து சேர்ந்தது. படகில் போகிறவருக்கு வலை கெடும். இவர்களுக்கு உடம்பே நேராக அந்தத் தண்ணீரில்தான் இருக்கு.

நிவாரணம் கிடைக்காதா?

எண்ணெய் கசிவுக்கு அரசு அறிவித்தது, பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், சேதமான படகுக்கு 10,000 ரூபாய். படகே இல்லாதவர்களிடம் சேதக் கணக்கு காட்ட எதுவும் இல்லை. அவர்களுக்கு ஆறுதான் படகு, ஆறுதான் வலை. நிவாரணக் கணக்கில் ஆற்றின் சேற்றுக்கு இடமில்லை.

ஆகவே, கையால் பிடிப்பவரும் மீனவர்தான் என்று பதிவில் ஏறுவதும், ஆறு சுத்தமாவதும் ஒன்றாக நடக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வழி மறுபடியும் முன்பணமும் சூளையும்தான்.