கோலின் சாய்வும் ஆளின் வீச்சும்



மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்கு வருகின்ற யாத்திரிகர்களிலே சிலர், திருவிழா முடிந்தபின் மன்னார்த் தீவையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்புவதுண்டு. அத்தீவின் தென்கரையை ஒட்டி உயர்ந்து நிற்கும் காற்றாலைகளை அவர்கள் கண்டிருப்பார்கள். 2020 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே திறந்து வைக்கப்பட்ட ‘தம்பபவனி’ என்னும் மின்நிலையம் அது. மொத்தம் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட் ஆற்றல். அவற்றின் இறக்கைகள் சுழல்வதை எல்லோரும் காண்கிறோம். ஆனால் ஒவ்வோர் இறக்கையும் தன் அச்சிலே சிறிதளவு திரும்பிச் சாய்வை மாற்றிக்கொள்வதை நம்மிற் பலர் கவனிப்பதில்லை. காற்று மிதமாக இருக்கையில் ஒரு சாய்வு. சோளகம் உரத்து வீசும்போது வேறொரு சாய்வு. வேகத்தை அளந்து, அதற்குப் பொருந்தச் சாய்வை அமைத்துக்கொள்வதே அங்கு நடப்பது.

இன்று நான் பேச வந்த பொருளும் வேகத்துக்குப் பொருந்திய சாய்வு பற்றியதே. ஆனால் காற்றாலையைப் பற்றியதன்று. கோல்ஃப் விளையாட்டிலே முதல் அடிக்குப் பயன்படும் ‘டிரைவர்’ என்னும் நீண்ட கோலைப் பற்றியது.

மடுவிலிருந்து கொண்டு கோல்ஃப் பேசுவானேன் என்று சிலர் நகைக்கலாம். மன்னார்க் கரையிலே கோல்ஃப் ஆடுகளம் இல்லை என்பது உண்மைதான். ஆயினும் இவ்விளையாட்டு இலங்கைக்குப் புதியதன்று. 1879 ஆம் ஆண்டிலே நிறுவப்பட்ட கொழும்புக் கோல்ஃப் கழகத்தார் முதலில் காலிமுகத்திடலிலேதான் ஆடினார்கள். நுவரெலியாக் கழகம் 1889 இலே தோன்றியது. துரைமார் ஆட்டம் என்று ஒதுக்கப்பட்ட அதனை, துரைமாரின் கோற்பையைச் சுமந்து சென்ற நம் நாட்டுச் சிறுவர்கள் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். தங்கராஜா, பிரபாகரன், மிதுன் பெரேரா முதலிய இலங்கை வீரர்கள் இந்தியத் தொழின்முறைப் போட்டிகளிலும் ஆடிப் பெயர் பெற்றிருக்கிறார்கள். கனடாவிலும் இங்கிலாந்திலும் குடியேறிய நம்மவர்களுள்ளும் ஓய்வு நாட்களிலே கோலெடுத்து மைதானத்துக்குச் செல்வோர் இருக்கிறார்கள்.

அத்தகைய ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். மடுவிலே பிறந்தவர், ரொறன்ரோவிலே முப்பது வருடம் உழைத்தவர், வயது அறுபது. வைத்தியர் நடக்கச் சொன்னார் என்று கோல்ஃப் ஆடத் தொடங்கினார். கடைக்குச் சென்று, பெரிய வீரர்கள் வைத்திருப்பதைப் போன்ற, 9 பாகை என்று பொறிக்கப்பட்ட டிரைவர் ஒன்றை நிறையப் பணம் கொடுத்து வாங்கினார். பந்து எழும்பவில்லை. எழுப்பவேண்டும் என்று முதுகை வளைத்து இன்னும் பலமாக வீசினார். பந்து முன்னையிலும் மோசமாகப் போயிற்று. இடுப்புவலி மாத்திரம் கூடவே வீட்டுக்கு வந்தது. ‘எனக்கு இது வராது’ என்று கோலை மூலையிலே சாத்தும் நிலைக்கு வந்துவிட்டார். குற்றம் அவருடையதா, கோலினுடையதா? இதற்கு விடை காண்பதற்கு முன், அந்த 9 பாகை என்பது யாது என அறிதல் வேண்டும்.

கோலைத் தரையிலே முறையாக நிறுத்தினால், பந்தை அடிக்கும் அதன் முகம் செங்குத்தாக நில்லாமற் சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அச்சாய்வையே ‘லொஃப்ட்’ என்பர். நாம் முகச்சாய்வு என்று சொல்வோம். டிரைவர்களிலே இது பெரும்பாலும் 8 பாகையிலிருந்து 13 பாகை வரையில் இருக்கும். பந்து எவ்வளவு உயரமாகப் புறப்படும் என்பதையும், எவ்வளவு சுழற்சியோடு புறப்படும் என்பதையும் தீர்மானிப்பதில் இச்சாய்வுக்குப் பெரும் பங்கு உண்டு.

சுழற்சியைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். சாய்ந்த முகத்தால் அடிபட்ட பந்து, முன்னே பறந்துகொண்டே பின்னோக்கிச் சுழல்கிறது. அச்சுழற்சி தன்னைச் சூழ்ந்து செல்லும் காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. காற்றோ பந்தை மேல்நோக்கித் தாங்குகிறது. ஸ்கொத்லாந்தின் எடின்பரோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பீற்றர் கத்ரி ரெயிற் என்பவர், பந்து நெடுந்தூரம் செல்வதற்கு இப்பின்சுழற்சியே முக்கிய காரணம் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே கணித்துக் காட்டினார். அவருடைய மைந்தர் பிரெடி ரெயிற், 1896 இலும் 1898 இலும் பிரித்தானிய அமெச்சூர் பட்டத்தை வென்ற வீரர். தந்தை ஏட்டிலே ஆராய்ந்ததை மைந்தர் புற்றரையிலே நிகழ்த்தினார் எனலாம்.

ஆகவே, பந்து வானிலே நிலைத்துச் செல்வதற்கு மூன்று வேண்டும்: வேகம், தகுந்த எழுகோணம், தகுந்த சுழற்சி. வேகம் மிகுந்தவர் அடித்த பந்தைக் காற்று நன்றாகத் தாங்கும். அவருக்குச் சிறிய சாய்வே போதும். சாய்வு மிகுந்தால் பந்து வானுக்கு ஏறிச் சுழன்று, நின்றாற் போலத் தோன்றிக் கீழே விழும். எதிர்க்காற்று இருந்தாலோ இது இன்னும் மோசமாகும். வேகம் குறைந்தவரின் நிலை இதற்கு நேர்மாறானது. சாய்வு சிறிதானால் அவருடைய பந்து உயரவும் மாட்டாது, தாங்கப்படவும் மாட்டாது. விரைவிலே தரையைத் தொட்டுவிடும். நம்முடைய ரொறன்ரோ அன்பருக்கு நேர்ந்தது இதுவே.

‘சாய்வு குறைந்த கோல் வீரனுக்கு, கூடியது வயோதிபருக்கு’ என்றொரு எண்ணம் ஆடுவோரிடையே பரவியிருக்கிறது. இதைப் போன்ற தவறு வேறில்லை. அமெரிக்காவின் தொழின்முறை ஆடவரும் மகளிரும் ஆடுவதை ராடார் கருவியால் அளந்து வெளியிடப்பட்ட சராசரிகளைப் பார்ப்போம். ஆடவரின் கோல் மணித்தியாலத்துக்குச் சுமார் 180 கிலோமீற்றர் வேகத்திலே வருகிறது. பந்து ஏறத்தாழ 11 பாகையிலே எழுகிறது. மகளிரின் கோல் சுமார் 150 கிலோமீற்றர் வேகத்திலே வருகிறது; பந்து ஏறத்தாழ 13 பாகையிலே எழுகிறது. உலகின் தலைசிறந்த வீராங்கனைகளே தம் வேகத்துக்கு ஏற்பப் பந்தை உயர எழுப்புகிறார்கள். அவர்களை யார் பலவீனர் என்பார்?

இன்னொரு நுட்பமும் உண்டு. கோலிலே பொறித்த எண் வேறு, பந்தைத் தொடும் கணத்திலே முகம் காட்டும் சாய்வு வேறு. ஒருவர் கோல் மேலெழும்போது பந்தைத் தொடுவார். இன்னொருவர் கோல் கீழிறங்கும்போதே தொட்டுவிடுவார். ஆகவே ஒரே கோலை இருவர் வீசினால், ஒருவருடைய பந்து 14 பாகையிலும் மற்றவருடையது 9 பாகையிலும் எழக்கூடும். போதாக்குறைக்கு, பொறித்த எண்ணுக்கும் உண்மையான சாய்வுக்கும் இடையே ஒரு பாகை வரையில் வேறுபாடு இருப்பதும் உண்டு. எனவே எண்ணைப் பார்த்துக் கோல் வாங்குவது, காலை அளக்காமற் பாதரட்சை வாங்குவது போன்றதாகும்.

அப்படியாயின் அளப்பது எவ்வாறு? இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். தையற்காரர் உடலை அளப்பது போல, அவர்கள் வீச்சை அளக்கிறார்கள். நம் அன்பர் அங்கே செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் உடல் சூடேறச் சில பந்துகளை மெல்ல அடிக்கச் சொல்வார்கள். பின்பு அவருடைய பழைய கோலாலேயே அடிக்கவேண்டும். ஏனெனில், பழையதை அளந்தாலன்றிப் புதியதன் நன்மை தெரியாது. ராடாரோ அதிவேகப் படக்கருவியோ கோலின் வேகம், அது வரும் திசை, பந்தின் வேகம், எழுகோணம், சுழற்சி ஆகியவற்றை அளக்கும். கோலின் முகத்திலே மெல்லிய பொடியைத் தூவி, பந்து எவ்விடத்திலே படுகிறது என்பதையும் பார்ப்பார்கள். முகத்தின் மேற்பகுதியிலே பட்ட பந்து உயர எழுந்து குறைவாகச் சுழலும். கீழ்ப்பகுதியிலே பட்டது தாழ்வாகச் சென்று மிகுதியாகச் சுழலும். இதனை அறியாமற் சாய்வை மாற்றுவது வீண்.

அதன்பின் ஒன்றை மாத்திரம் மாற்றி மீண்டும் அடிக்கச் சொல்வார்கள். 9 பாகைக்குப் பதிலாக 10.5, பிறகு 12. தண்டையும் தலையையும் பந்தையும் ஒருங்கே மாற்றினால் எதனால் நன்மை விளைந்தது என்பது விளங்காது. ஒவ்வொரு சாய்வுக்கும் எட்டுப் பத்துப் பந்துகள் அடித்து, அவற்றின் சராசரியைக் கொள்ளவேண்டும். ஒரேயொரு பந்து அற்புதமாகப் பறந்துவிட்டால் அதையே நம்பிக் கோலை வாங்கிவிடலாகாது. தூரத்தோடு, பந்துகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதையும் நோக்கவேண்டும். நெடுந்தூரம் சென்று புதருக்குள் மறையும் பந்தால் யாருக்குப் பயன்?

நம் அன்பரின் வீச்சு மணித்தியாலத்துக்கு 135 கிலோமீற்றர் என்று கொள்வோம். அவருடைய பழைய கோலிலே பந்து 8 பாகையில் எழுந்தது. 12 பாகைக் கோலிலே அது இன்னும் உயர எழுகிறது. பலத்தைச் சிறிதும் கூட்டாமலே பந்து அதிக தூரம் பறப்பது இத்தகைய வீச்சிலே வியப்பன்று. முதுகை வளைத்து எழுப்பவேண்டிய அவசியமும் இல்லாதொழிகிறது. சாய்வு கூடும்போது பக்கவாட்டில் வளையும் குணமும் ஓரளவு குறைவதால், பந்து நேராகவும் செல்கிறது.

பொதுவாக, வீச்சு 130 கிலோமீற்றருக்குக் குறைந்தவருக்கு 12 பாகையும் அதற்கு மேலும், 140 முதல் 150 வரையுள்ளவருக்கு 10.5 முதல் 12 வரையும், 170 ஐக் கடந்தவருக்கு 8.5 முதல் 10 வரையும் பொருந்தும் என்பார்கள். இது தொடங்குமிடமே தவிர முடிவன்று. கோலைச் செங்குத்தாகக் கீழிறக்கி அடிப்பவருக்குச் சாய்வைக் கூட்டினால் சுழற்சி மிகுந்து தூரம் குறையும். அவர் திருத்தவேண்டியது தம் நிலையையும் பந்தைத் தாங்கும் முளையின் உயரத்தையுமே.

ஆடுமிடமும் கணக்கிலே சேரும். நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1,800 மீற்றருக்கு அதிகமான உயரத்திலே உள்ளது. கொழும்பிலும் பார்க்க அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. பந்தைத் தடுக்கும் விசையும் குறைகிறது, தாங்கும் விசையும் குறைகிறது. ஆகவே மலைநாட்டிலே பந்து தூரம் செல்லினும், அதைச் சற்று உயர எழுப்புவதே நலம். காற்று ஓயாத கடற்கரைக் களங்களிலோ, சுழற்சி மிகாமற் பார்த்துக்கொள்வது நலம்.

அளக்கச் சென்றால் புதுக்கோல் வாங்கியே தீரவேண்டும் என்பதும் இல்லை. 2008 ஆம் ஆண்டு முதல், தலையும் தண்டும் இணையும் இடத்திலே திருகித் திருப்பிச் சாய்வை மாற்றத்தக்க டிரைவர்களுக்கு விதிகள் இடமளித்துள்ளன. பலவற்றிலே ஒன்று இரண்டு பாகை கூட்டவும் குறைக்கவும் முடியும். சாய்வைக் கூட்டும்போது வலக்கையாளருக்கு முகம் சற்று இடப்புறம் திரும்பும் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். ஆட்டத்தின் நடுவே இம்மாற்றத்தைச் செய்வதற்கு விதி இடந்தராது என்பதையும் மறத்தலாகாது. கருவி கிடைக்காத ஊரிலே இருப்பவர், நண்பர் ஒருவரைப் பின்னால் நிறுத்திப் பந்தின் பாதையைப் பார்க்கச் சொல்லலாம். மேலெழாமலே விழுந்து உருண்டால் சாய்வு போதாது. மேலே சென்று தயங்கி விழுந்தால் சாய்வோ சுழற்சியோ மிகுதி. பொடி தூவி, பட்ட இடத்தைப் பார்ப்பதற்கும் செலவு ஒன்றும் இல்லை.

நேயர்களே, கோலின் அடியிலே பொறித்த எண் ஒருவருடைய ஆண்மையை அளக்கும் எண்ணன்று. ஒன்பதிலும் பன்னிரண்டு தாழ்ந்ததன்று, பொருந்தாததே தாழ்ந்தது. நம் அன்பர் இழந்தது பணம் மாத்திரம் அன்று. ‘எனக்கு வராது’ என்று சொல்லி, நல்ல நடையையும் நல்ல நண்பரையும் இழக்கவிருந்தார். அவருடைய குறை கையிலே இல்லை. அளவாமல் வாங்கியதிலேயே இருந்தது. அடுத்த ஆவணியிலே அவர் மடுவுக்கு வந்து, அப்படியே மன்னாருக்கும் போவாராயின், அந்தக் காற்றாலைகளைச் சற்று நின்று பார்க்கட்டும். வீசுகின்ற காற்றை அளந்து, அதற்கு இசையத் தன்னைத் திருப்பிக்கொள்வதை எந்த இறக்கையும் அவமானமாகக் கருதுவதில்லை.