விடுமுறை முடிந்த பின் கூடார வண்டி எங்கே நிற்பது?

ஐரோப்பாவில் ஜூலை மாதம் பிறந்ததும் நெடுஞ்சாலைகள் எல்லாம் தெற்கு நோக்கித் திரும்பிவிடுகின்றன எனலாம். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் ஆகிய நாடுகளின் கடற்கரைகளை நாடிச் செல்லும் கார்களின் பின்னால் சிறியனவும் பெரியனவுமான தங்கு வண்டிகள் பூட்டப்பட்டிருக்கும். அவற்றுள் கணிசமானவை நெதர்லாந்தின் மஞ்சள் நிற இலக்கத் தகட்டைக் கொண்ட கார்களால் இழுத்துச் செல்லப்படுபவை. ஐந்தாறு வாரங்களில் இந்த ஊர்வலம் மீண்டும் வடக்கே திரும்புகிறது. அதன் பின்னர் இவ்வண்டிகள் எங்கே போகின்றன என்று வெளியார் எவரும் கேட்பதில்லை. அவற்றின் சொந்தக்காரர்களுக்கோ ஆண்டின் எஞ்சிய நாற்பத்தைந்து வாரங்களும் அதுவே கேள்வியாக இருக்கின்றது.

இவ்வண்டிகளுக்குக் கரவன் என்று பெயர். நம் நாட்டில் அப்பெயரைச் சொன்னதும் நிஸான் நிறுவனத்தின் வானே நினைவுக்கு வரும். நாம் இங்கு குறிப்பிடுவது அதுவன்று. இயந்திரம் ஏதுமின்றி, காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கப்படும், உள்ளே படுக்கையும் அடுப்பும் மேசையும் பொருத்தப்பட்ட வண்டியே அது. இதனிலும் சிறியதொரு வகையும் உண்டு. பார்வைக்கு உழவு இயந்திரத்தின் பெட்டியைப் போல இரு சில்லுகளில் நிற்கும் அதன் மூடியைத் திறந்தால் உள்ளே மடித்து வைக்கப்பட்ட கூடாரம் விரியும். இதைக் கூடார வண்டி என்று அழைப்போம். விமானப் பயணத்துக்கும் ஹோட்டல் அறைக்கும் செலவிட முடியாத நடுத்தரக் குடும்பங்கள் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மூன்று வாரம் வெளியூர் சென்று வர உதவுவது இத்தகைய சிறு வண்டிகளே.

நெதர்லாந்தின் மொத்தப் பரப்பளவு, நீர்ப்பரப்பும் சேர்த்து, சுமார் 41,500 சதுர கிலோமீற்றர். இலங்கையின் பரப்பளவு 65,610 சதுர கிலோமீற்றர். நம்மிலும் எவ்வளவோ சிறிய அந்நாட்டில் 1 கோடியே 80 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். வீடுகளில் பெரும்பாலானவை ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய வரிசை வீடுகள். முற்றம் என்று சொல்லத்தக்கது இரண்டு மூன்று அடி அகலத்துக்கு மேல் பலருக்கு இல்லை. இத்தகைய நாட்டில் ஏறத்தாழ நான்கு இலட்சம் கரவன்கள் இருக்கின்றன. மாமரத்தின் கீழ் உழவு இயந்திரப் பெட்டியை ஆறு மாதம் விட்டு வைக்கும் நமக்கு இந்த நெருக்கடி சட்டென்று விளங்காது. எனினும் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒடுங்கிய ஒழுங்கையொன்றில் இரவில் வாகனம் நிறுத்த இடம் தேடியவர்கள் ஓரளவு விளங்கிக்கொள்வர்.

வீட்டில் இடமில்லையெனில் வீட்டின் முன்னாலுள்ள வீதியில் விட்டால் என்ன? இதற்குத்தான் அந்நாட்டு உள்ளூராட்சி சபைகள் வேலி போட்டிருக்கின்றன. சபைக்குச் சபை விதி மாறுபடினும், கரவன் அல்லது அது போன்ற வண்டியைப் பொதுவீதியில் தொடர்ச்சியாக மூன்று நாட்களுக்கு மேல் நிறுத்தக் கூடாது என்பதே பரவலாகக் காணப்படும் ஒழுங்கு. பயணத்துக்கு முன் பொருட்களை ஏற்றவும், வந்த பின் இறக்கிக் கழுவவும் அந்த மூன்று நாட்கள் போதும் என்பது கணக்கு. அயல்நாடான ஜேர்மனி இதில் சற்றுத் தாராளமானது. அங்கு இழுக்கும் வாகனத்திலிருந்து கழற்றப்பட்ட வண்டியை இரண்டு வாரங்கள் வரை வீதியில் விடுவதற்கு வீதிச் சட்டம் இடமளிக்கிறது. பிரித்தானியாவிலோ கழற்றப்பட்ட வண்டியை இரவில் வெளிச்சமின்றி வீதியில் விடுவது குற்றம். மூன்று நாடுகளும் மூன்று வழியில் சொன்னாலும் கருத்து ஒன்றே. வீதி என்பது போவதற்கும் வருவதற்கும் உரியது. தனியாரின் உடைமையைப் பூட்டி வைக்கும் களஞ்சியமாக அதைப் பயன்படுத்த இயலாது.

இந்த ஒழுங்கு நியாயமானது என்றே நாம் கருதுகிறோம். ஆனால் இதன் சுமை எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. தனி வளவும் அகன்ற வாசலும் உடையவருக்கு இந்தச் சட்டத்தால் ஒரு நட்டமும் இல்லை. அடுக்குமாடியின் நான்காம் மாடியில் குடியிருப்பவரே மூன்றாம் நாள் மாலையில் தவிக்க வேண்டியவர்.

சிறு கூடார வண்டியின் சிறப்பு இவ்விடத்தில்தான் தெரிகிறது. முழு அளவிலான கரவன் இரண்டரை மீற்றர் உயரம் கொண்டது. கார் கராஜின் கதவோ சுமார் இரண்டு மீற்றர் உயரமே இருக்கும். ஆகவே கராஜ் உள்ளவரும் கரவனை உள்ளே விட முடியாது. மடித்த கூடார வண்டி ஏறத்தாழ இடுப்பளவு உயரமே என்பதால் கராஜுக்குள் இலகுவாக நுழையும். சிலவற்றைப் பக்கவாட்டில் நிமிர்த்திச் சுவரோடு சாய்த்து வைக்கவும் முடியும். ஆயினும் கராஜ் என்பது கார் நிற்பதற்கென்று கட்டப்பட்டது. வண்டி உள்ளே போனால் கார் வெளியே வர வேண்டும். இதனால் வீதியில் இன்னொரு இடம் பறிபோகிறது. அயலவரின் முகம் சுளிப்பதும் அப்போதுதான்.

திறந்த வெளியில் விடுவதிலுள்ள மற்றோர் ஆபத்து களவு. நெதர்லாந்தில் 750 கிலோகிராமுக்கு மேற்பட்ட அனுமதி எடையுள்ள வண்டிகளுக்கே தனிப் பதிவிலக்கம் வழங்கப்படுகிறது. அதற்குக் குறைந்த சிறு வண்டிகள், இழுக்கும் காரின் இலக்கத்தையே வெள்ளைத் தகட்டில் எழுதி மாட்டிக்கொள்கின்றன. திருடன் செய்ய வேண்டியதெல்லாம் அந்தத் தகட்டைக் கழற்றித் தன் காரின் இலக்கத்தை மாட்டுவதுதான். அடிச்சட்டத்தில் பொறிக்கப்பட்ட இலக்கத்தை யாராவது குனிந்து பார்த்தாலன்றி உண்மை வெளிவராது. சிறிய வண்டியை நான்கு பேர் கையாலேயே தள்ளிச் செல்லவும் முடியும். இக்காரணத்தாலேயே காப்புறுதி நிறுவனங்கள் வண்டி எங்கே நிற்கிறது, முன்தண்டுக்குப் பூட்டு உண்டா என்பவற்றைக் கேட்ட பின்னரே களவுக்குக் காப்பு வழங்குகின்றன.

இந்த நெருக்கடிக்கு அந்நாடு கண்ட விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 2000 ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் சுமார் 97 ஆயிரம் விவசாயப் பண்ணைகள் இருந்தன. 2020 இல் அவை ஏறத்தாழ 53 ஆயிரமாகக் குறைந்துவிட்டன. நிலம் பெரும்பாலும் அயலிலுள்ள பெரிய பண்ணைகளோடு சேர்ந்துவிட்டது. ஆனால் மாட்டுக் கொட்டகைகளும் வைக்கோல் களஞ்சியங்களும் கண்ணாடித் தோட்டங்களும் அப்படியே நின்றன. இடித்தால் செலவு, விட்டு வைத்தால் பயனில்லை. மாடுகளை விற்றுவிட்டு முதுமையில் அமர்ந்திருந்த விவசாயிகளுள் பலர் தரையைக் கழுவிச் சீமெந்து பூசிக் கரவன்களை வாடகைக்கு நிறுத்தத் தொடங்கினர். இன்று நெதர்லாந்தின் கிராமப்புறங்களில் பயணம் செய்வோர், கரவன் நிறுத்த இடமுண்டு என்று பண்ணை வாசல்களில் பலகை தொங்குவதைக் காணலாம்.

இக்கொட்டகைகளின் நடைமுறை சுவையானது. வாடகை வண்டியின் நீளத்தைக் கொண்டே கணக்கிடப்படும். பல இடங்களில் காருடன் பூட்டும் முன்தண்டையும் சேர்த்தே அளப்பர். சிறு வண்டிக்காரருக்கு இதனால் வாடகை குறையும். விடுமுறை முடிந்து இலையுதிர் காலத்தில் வண்டிகள் வரும்போது, பண்ணைக்காரர் சிறிய உழவு இயந்திரத்தால் அவற்றைத் தள்ளி, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஒரு கை அளவு இடைவெளி விட்டு அடுக்கிவிடுவார். முதலில் வந்தது உள்ளே. கடைசியில் வந்தது வாசலருகே. ஆகவே நடுவிலுள்ள வண்டியை நினைத்த நேரத்தில் எடுக்க இயலாது. சில நாட்களுக்கு முன்பே தொலைபேசியில் அறிவிக்க வேண்டும். குளிர் காலத்தில் அறவே திறக்காத கொட்டகைகளும் உண்டு. நத்தார் விடுமுறையில் திடீரென்று பயணம் போக நினைப்பவர் இதைத் தெரியாமல் ஒப்பந்தம் செய்துகொண்டால் ஏமாற வேண்டியதுதான். நாட்டை மூன்று வலயங்களாகப் பிரித்துப் பாடசாலைக் கோடை விடுமுறையை வெவ்வேறு வாரங்களில் ஆரம்பிக்கும் வழக்கம் நெதர்லாந்தில் உண்டு. எல்லாக் குடும்பங்களும் ஒரே வாரத்தில் பண்ணை வாசலில் குவிவதை அதுவே ஓரளவு தவிர்க்கிறது.

கொட்டகைக்கு அனுப்புமுன் செய்ய வேண்டியவை சில உள. எரிவாயு சிலிண்டர்களைக் கழற்றி எடுத்துவிட வேண்டும். நூறு வண்டிகள் நெருங்கி நிற்கும் இடத்தில் ஒரு சிலிண்டர் கசிந்தால் விளைவு எத்தகையது என்பதை, வீடுகளில் சிலிண்டர் வெடிப்புச் செய்திகளால் 2021 இன் இறுதியில் கலங்கிய நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. தண்ணீர்க் குழாய்களிலும் தொட்டியிலும் ஒரு துளியும் இருக்கலாகாது. உறைந்த நீர் விரிந்து குழாயைப் பிளந்துவிடும். கைத்தடையைப் பூட்டி விடுவதும் தவறு. மாதக்கணக்கில் இறுகி நிற்கும் தடைக்கட்டை துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் சில்லுக்குக் கட்டை வைத்து நிறுத்துவதே முறை. ரயர்கள் ஓடித் தேய்வதைக் காட்டிலும் நின்று கெடுவதே இவ்வண்டிகளில் அதிகம். கூடார வண்டிக்கோ எல்லாவற்றிலும் முக்கியம் துணி. கடைசி நாள் மழையில் நனைந்த கூடாரத்தை ஈரத்தோடு மடித்து வைத்துவிட்டால் அடுத்த கோடையில் மூடியைத் திறக்கும்போது பூஞ்சணம் கரும்புள்ளிகளாகப் படர்ந்திருக்கும். அதன் நாற்றம் எளிதில் போவதில்லை. உள்ளே ஒரு பிஸ்கட் துண்டு விடுபட்டாலும் எலி குடிபுகும். பண்ணைக் கொட்டகையல்லவா!

இனிச் செலவைப் பார்ப்போம். உட்புறமாக நிறுத்துவதற்கு ஆண்டொன்றுக்குச் சில நூறு யூரோ செலவாகும். பழைய கூடார வண்டியொன்றையும் சில நூறு யூரோவுக்கு வாங்கிவிடலாம். அதாவது வண்டியின் விலைக்கு நிகரான பணத்தை அது சும்மா நிற்பதற்காக ஆண்டுதோறும் கொடுக்க வேண்டியவர்களும் இருக்கின்றனர். முதியோர் இறந்த பின் பிள்ளைகள் எடுக்க வராத வண்டிகளும், வாடகை நிலுவையாகி மறக்கப்பட்ட வண்டிகளும் கொட்டகை மூலைகளில் சேர்வது இதனாலேயே. வாடகை தீரும் வரை வண்டியைப் பிடித்து வைக்கும் உரிமையைச் சட்டம் பண்ணைக்காரருக்கு வழங்குகிறது. எவரும் விரும்பாத வண்டியைப் பிடித்து வைத்து அவர் அடையும் நன்மை யாது என்று சட்டம் சொல்லவில்லை.

இந்த ஏற்பாடும் இப்போது ஆட்டங்காணத் தொடங்கியிருக்கிறது. பழைய கொட்டகைகளின் கூரைகள் பெரும்பாலும் அஸ்பெஸ்டோஸ் தகடுகளாலானவை. நம் நாட்டு வீடுகளில் இலட்சக்கணக்கில் காணப்படும் அதே தகடுகள்தாம். நெதர்லாந்து அஸ்பெஸ்டோஸ் பாவனையை 1993 இல் தடை செய்தது. ஏலவே போடப்பட்ட கூரைகளையும் 2024 இன் இறுதிக்குள் அகற்றிவிட வேண்டும் என்று பின்னர் சட்டமூலம் கொண்டுவரப்பட்டது. அகற்றுவோருக்குச் சதுர மீற்றர் ஒன்றுக்கு 4.50 யூரோ உதவியும் சில காலம் வழங்கப்பட்டது. பெரும் செலவைக் காரணங்காட்டி எதிர்ப்பு வலுக்க, 2019 ஜூனில் அந்நாட்டு மேற்சபை சட்டமூலத்தை நிராகரித்தது. கடப்பாடு நீங்கிற்றே தவிர அச்சம் நீங்கவில்லை.

அந்த அச்சத்துக்கு ரூர்மொண்ட் நகரம் சாட்சி. 2014 டிசம்பர் 16 ஆம் திகதி அங்கு உல்லாசப் படகுகள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த கொட்டகையொன்று தீப்பற்றியது. கரவன்களைப் போலவே படகுகளும் குளிர் காலத்தைக் கொட்டகையில் கழிப்பவை. கூரையிலிருந்த அஸ்பெஸ்டோஸ் வெடித்துத் துகளாகி நகர மத்தியெங்கும் வீழ்ந்தது. நத்தார் வியாபாரம் களைகட்டியிருந்த வேளையில் கடைத்தெருக்கள் நாட்கணக்கில் மூடிக் கிடந்தன. காப்புறுதி நிறுவனங்கள் இத்தகைய கூரைகளைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதில் வியப்பில்லை. ஓய்வு பெற்ற விவசாயியின் சிறு வருமானத்தைக் காப்புறுதிக் கட்டணமும் கூரை மாற்றும் செலவும் விழுங்கிவிட்டால் அவர் கதவை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை. புதிதாகக் கொட்டகை கட்டவோ, வயல்வெளியில் வரிசையாக வண்டிகளை நிறுத்தவோ உள்ளூராட்சி சபைகள் இலகுவில் அனுமதிப்பதுமில்லை. பசுமை வெளி கெட்டுவிடும் என்பது அவர்களது வாதம். அதையும் முற்றாகத் தள்ளிவிட முடியாது.

பிரித்தானியாவில் இத்தொழில் வேறு வழியில் ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கிறது. அங்கு 1999 இல் உருவான நிறுத்துமிட உரிமையாளர் சங்கம், வேலி, கண்காணிப்புக் கமெரா, வாசற் காவல் முதலானவற்றை ஆராய்ந்து பொன், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரிக்கிறது. பொன் தரம் பெற்ற இடத்தில் நிற்கும் வண்டிக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கிடைக்கும். வாடகை கூடும், களவு குறையும்.

நெதர்லாந்துக் குடும்பங்களிலும் சில வேறு வழிகளை நாடுகின்றன. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு கூடார வண்டியை வாங்கி, வாடகையையும் வாரங்களையும் பங்கிட்டுக்கொள்கின்றன. வேறு சிலர் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவருவதையே விட்டுவிட்டனர். தென் பிரான்சிலோ ஸ்பெயினிலோ கடற்கரை முகாமுக்கு அண்மையிலுள்ள நிறுத்துமிடத்தில் குளிர் காலம் முழுவதும் விட்டுவிட்டு, அடுத்த கோடையில் வெறும் காரோடு போகின்றனர். குறித்த நாளில் வண்டியை முகாமுக்கே இழுத்து வந்து நிறுத்தித் தரும் நிறுவனங்கள் அங்கு இருக்கின்றன. நிலம் மலிவான இடத்தில் வாடகையும் குறைவு. ஆயிரம் கிலோமீற்றர் இழுத்துச் செல்லும் எரிபொருளும் மிச்சம். என்றாலும் அடுத்த ஆண்டு வேறொரு மலைநாட்டுக்குப் போகலாமே என்று பிள்ளைகள் கேட்டால், வண்டி நிற்கும் இடத்துக்கே போயாக வேண்டும் என்பதே பெற்றோரின் பதிலாக இருக்கின்றது.