சீரியல் மாறினாலும் பேர் மாறாத 'கோபி'!

சீர்காழி,

புது சீரியல் ஆரம்பம். கதாநாயகன் வந்து நிற்கிறார். பேர் சொல்லுமுன்பே பாட்டிமார் முந்திக்கொள்வார்கள்: "அட, நம்ம கோபி!"

சன் டி.வி.யில் 2002-ல் தொடங்கிய 'மெட்டி ஒலி'யை இயக்கிய திருமுருகன், அதில் கோபியாகவும் நடித்தார். 2010-ல் 'நாதஸ்வரம்'. அதிலும் கோபி! 2018-ல் 'கல்யாண வீடு'. அங்கேயும் கோபிதான்!

பழசைப் பார்த்தவருக்குச் சிரிப்பு. பார்க்காதவருக்கு அது வெறும் பேர்.

வேடிக்கைக்கு விலையும் உண்டு. வேஷம் ஒட்டிக்கொண்டால் சொந்தப் பேர் மறந்துபோகும். "திருமுருகனா, யாரு?" என்பவரும் 'கோபி' என்றால் தலையாட்டுவார்.

சீர்காழி கோவிந்தராஜனும் 1972-ல் 'அகத்தியர்' படத்தில் அகத்தியராகவே மனதில் நின்றவர். ஆனாலும் ஜனங்களுக்கு அவர் 'சீர்காழி'தான். வேஷம் விழுங்காமல் ஊர்ப்பேர் காப்பாற்றிவிட்டது!