முடிவு பொய், அடி மெய்!

திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் இடையே ரயிலில் போகிறவர்கள் திருவாலங்காடு ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள். ஊர் சிறியது, கீர்த்தி பெரியது. நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளில் ரத்தின சபை இங்கேதான் இருக்கிறது. காளிக்கும் சிவபெருமானுக்கும் நடனப் போட்டி நடந்த தலம் இது. ஆட்டத்தின் நடுவே கீழே விழுந்த குண்டலத்தை ஈசன் காலாலேயே எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாராம். அதைச் செய்ய நாணிய காளி தோல்வியை ஒப்புக்கொண்டாள் என்கிறது தல புராணம். முடிவு எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் குண்டலம் விழுகிற கட்டத்தில் எழுந்து போகிறவர் உண்டா?

முடிவு தெரிந்த போட்டிக்கு ஒரு தனி ருசி உண்டு. டெலிவிஷனில் வந்த தொழில்முறை மல்யுத்தம் பிழைத்ததும் அந்த ருசியினால்தான். (தெய்வத்தின் ஆட்டத்தையும் பயில்வான்களின் கூத்தையும் ஒரே தராசில் நிறுத்துவதாக யாரும் கோபிக்க வேண்டாம்!)

தாராசிங் காலம்

டெலிவிஷன் வருவதற்கு முன்பே இந்த வித்தை நம் நாட்டில் கொடிகட்டிப் பறந்தது. 1950-களில் தாராசிங்கும் கிங்காங்கும் மோதுகிறார்கள் என்றால் ஜனங்கள் திரள் திரளாகப் போனார்கள். கிங்காங் என்றதும் சினிமாக் குரங்கை நினைத்துவிடக் கூடாது. எமில் சாஜா என்ற ஹங்கேரியப் பயில்வானுக்கு வைத்த பெயர் அது. மலை போன்ற உடம்பு. எதிரே கட்டுமஸ்தான பஞ்சாபி இளைஞர். யார் நல்லவன், யார் பொல்லாதவன் என்று குழந்தைக்கும் விளக்க வேண்டியதில்லை. தாராசிங் பிறகு சினிமாவுக்குப் போனார். 1987-ல் தூர்தர்ஷன் ‘ராமாயண’த்தில் அனுமாராக வந்து, ஞாயிறு காலைகளில் தேசத்தையே வீட்டுக்குள் உட்கார வைத்தார். 2012-ல் மறைந்தார்.

பாட்டிமாரின் சனிக்கிழமை

பிரிட்டனில் 1955 முதல் ஐ.டி.வி. இந்த மல்யுத்தத்தைக் காட்டி வந்தது. சனிக்கிழமை மாலை நான்கு மணி என்றால் தாத்தா, பாட்டி, பேரன் எல்லோரும் டெலிவிஷன் முன் ஆஜர்! பாட்டிமார்தான் அதிகமாகக் கூச்சல் போடுவார்கள். அவர்களுடைய செல்லப் பிள்ளை ‘பிக் டாடி’. நிஜப் பெயர் ஷெர்லி கிராப்ட்ரீ. பெண் பெயர் என்று சிறு வயதில் கேலிக்கு ஆளானவர்! 1987 ஆகஸ்டில் கிரேட் யார்மத் நகரில் இவர் வழக்கம்போல் எதிராளி மேல் தொப்பென்று விழுந்தார். மால் கர்க் என்ற அந்த எதிராளி எழுந்திருக்கவே இல்லை. அவருக்கு ஏற்கெனவே இதய நோய் இருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. 1988 டிசம்பரில் ஐ.டி.வி. மல்யுத்தத்தையே நிறுத்திவிட்டது. பழைய காலத்துச் சரக்கு என்று நிர்வாகிகள் நினைத்தார்கள். பாட்டிமாரை யார் கேட்டார்கள்?

சீட்டுக்கட்டில் பயில்வான்கள்

அங்கே விளக்கு அணைந்தபோது இங்கே ஏற்றினார்கள். 1990-களில் கேபிள் டி.வி. வழியாக அமெரிக்க மல்யுத்தம் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்தது. அண்டர்டேக்கர், ஹல்க் ஹோகன், பிரெட் ஹார்ட் என்ற பெயர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டை விட நன்றாக மனப்பாடம் ஆயின. பயில்வான்களின் உயரம், எடை, மார்பளவு அச்சிட்ட சீட்டுக்கட்டுகள் பெட்டிக்கடைகளில் தொங்கின. அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று பையன்கள் சத்தியம் செய்தார்கள். 1996-ல் ஓர் இந்திப் படத்தில் அக்ஷய் குமார் அவரையே தூக்கி எறிந்தபோது திகைத்துப் போனார்கள். நடித்தவர் அசல் ஆசாமி அல்ல, பிரையன் லீ என்ற போலி என்பது பின்னால் தெரிந்த சமாசாரம்.

சண்டையே நாடகம் என்பதைக் கம்பெனியார் 1989-லேயே நியூஜெர்ஸி சட்டசபையில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். வரியையும் கட்டுப்பாட்டையும் தவிர்க்க அது வசதியாக இருந்தது! அதனால் கூட்டம் குறையவில்லை. குடும்பங்களை விரட்டியது வேறு. 1990-களின் பிற்பகுதியில் இரண்டு கம்பெனிகளுக்குள் போட்டி முற்றியது. திரையில் ரத்தமும் ஆபாசமும் வசவும் பெருகின. பெரியவர்கள் ரிமோட்டைத் தேட ஆரம்பித்தார்கள்.

நாடகம்தான், ஆனால் விழுகிற உடம்பு நாடகமல்ல. 1999 மே 23-ல் கன்ஸாஸ் ஸிட்டி அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வர வேண்டிய ஓவன் ஹார்ட் தவறி விழுந்து மாண்டார். உடலை எடுத்துச் சென்றபின் ஆட்டம் தொடர்ந்து நடந்தது! 2007 ஜூனில் கிரிஸ் பென்வா மனைவியையும் ஏழு வயது மகனையும் கொன்று தானும் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரது மூளையைச் சோதித்த வைத்தியர்கள் கடுமையான சேதத்தைக் கண்டார்கள். வருஷக்கணக்கில் தலையில் வாங்கிய அடிகளையே காரணமாகச் சுட்டினார்கள். வேறு பல காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் அந்த மூளையில் இருந்த காயம் ஒப்பனை அல்ல.

2008-ல் கம்பெனி நிகழ்ச்சியைப் பிள்ளைகளும் பார்க்கத் தக்கதாக மாற்றிக்கொண்டது. அதற்கு முன் வருஷம்தான் இமாசலப் பிரதேசத்து ‘கிரேட் காளி’ உலகப் பட்டம் வென்றிருந்தார். ஆனாலும் நம் வீடுகளில் மாலை வேளையை மெகா சீரியல்கள் பட்டா போட்டுக்கொண்டு வெகு நாளாகியிருந்தது.

2025 ஏப்ரலில் இந்த மல்யுத்தம் இந்தியாவில் டி.வி. சானலை விட்டு நெட்பிளிக்ஸுக்குப் போயிற்று. அவ்வருஷம் டிசம்பரில் பிள்ளைகளின் நாயகனான ஜான் ஸீனா தம் கடைசிச் சண்டையில் குந்தரிடம் தோற்று விடைபெற்றார். இந்தியாவில் அப்போது ஞாயிறு காலை. ஒரு காலத்தில் தெருவே டி.வி. முன் கூடியிருந்த வேளை அது. பார்த்தவர்கள் இப்போது ஆளுக்கொரு கைப்பேசியில் பார்த்தார்கள்.